தட்டினால் என்ன குறைந்துவிடும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பிரேசில் வீரர் அன்டோனியோ ரோட்ரிகோ நோகேராவைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். கிரிக்கெட், விட்டால் செஸ், அதையும் விட்டால் மறுபடி கிரிக்கெட் என்று ஓடுகிற பக்கத்தில் ஜியூ-ஜிட்சு என்ற பிடிச் சண்டை ஆள் ஒருவரின் படத்தைப் பார்த்ததும் கையிலிருந்த காபி ஆறிப்போனதே எனக்குத் தெரியவில்லை. அதற்கு நன்றி. ஆனால் தலைப்பு என்ன வைத்தீர்கள்? ‘தட்டாத சிங்கம்’. உள்ளேயும், எலும்பே உடைந்தாலும் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளாத மாவீரன் என்று இரண்டு இடத்தில் இருந்தது. அன்று மத்தியானத்துக்குள் அந்தப் பக்கத்தின் படம் என் மகள் போகிற ஜியூ-ஜிட்சு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. ஒரு பையனின் அப்பா போட்டிருந்தார், கீழே ‘பசங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க’ என்று ஒரு வரி. அதனால்தான் எழுதுகிறேன். இல்லையென்றால் கடையை விட்டுவிட்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை நான்.

தட்டுவது என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்தில் அடி கிடையாது, உதை கிடையாது, பிடிதான். எதிராளி உங்கள் கையையோ கழுத்தையோ மாட்டிவிட்டான், இனி வழியில்லை என்று தெரிந்ததும் அவன் உடம்பையோ தரையையோ இரண்டு மூன்று தடவை தட்டவேண்டும். இரண்டு கையும் மாட்டியிருந்தால் காலால் தட்டலாம், வாயைத் திறந்தும் சொல்லலாம். தட்டிய நொடியில் பிடியை விட்டுவிடுவார்கள். எழுந்து, கை கொடுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒரு வகுப்பில் நானே பத்துப் பன்னிரண்டு தடவை தட்டுகிறேன், பல நாள் அதற்கு மேலேயும். ஆர்ம்பார் என்றால் முழங்கையை அது மடங்காத பக்கம் மடக்குவது, கழுத்துப் பிடி என்றால் மூளைக்குப் போகிற ரத்தத்தைத் தடுப்பது. தட்டுவது என்று ஒன்று இல்லாவிட்டால் இதைப் பழகவே முடியாது, முதல் வாரத்திலேயே வகுப்பில் பாதிப் பேர் கையில் கட்டோடு திரிவோம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது 46, எடை 84 கிலோ, பெரம்பூரில் ஹார்டுவேர் கடை. மகள் பத்தாம் வகுப்பு. கொளத்தூர் பக்கம் ஒரு மளிகைக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் வாரம் மூன்று நாள் சாயங்காலம் வகுப்பு. கொண்டுபோய் விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நானும் சேர்ந்தேன். வெள்ளை பெல்ட். இன்னும் வெள்ளை பெல்ட்தான், அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

சரி, நோகேராவுக்கு வருவோம். 1976இல் பிரேசிலின் பாயியா மாநிலத்தில் பிறந்தவர், இரட்டையரில் ஒருவர். இவர் மினோடாரோ, தம்பி மினோடோரோ, ஒரு எழுத்துதான் வித்தியாசம், என் மகள் இன்றுவரை மாற்றி மாற்றித்தான் சொல்கிறாள். பத்து வயதில் ஒரு லாரி அவர் மேல் ஏறி நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்தார். ஈரலில் ஒரு பகுதி போயிற்று, ஒரு விலா எலும்பு போயிற்று, ஏறக்குறைய ஒரு வருடம் ஆஸ்பத்திரி வாசம். முதுகில் பள்ளம் விழுந்தது போல அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இதையெல்லாம் நீங்கள் நன்றாகவே எழுதியிருந்தீர்கள். நீங்கள் எழுதாமல் விட்டது அவர் எப்படி ஜெயித்தார் என்பதை. அவர் மோதியது எங்கள் வகுப்பு மாதிரி வெறும் பிடியில் இல்லை, குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த எம்எம்ஏ மேடையில்.

நம் ஊர்க்காரர்களுக்கு அது முதலில் புரியாது, எனக்கும் புரியவில்லை. குஸ்தி என்றால் நமக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான், முதுகு மண்ணில் பட்டால் தோற்றான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று ஒரு பழமொழியே வைத்திருக்கிறோமே. நோகேராவோ முதுகைத் தரையில் வைத்துக்கொண்டுதான் சண்டையே ஆரம்பிப்பார். மல்லாந்து படுத்து, மேலே இருப்பவனை இரண்டு காலுக்கு நடுவில் பூட்டிக்கொள்வார். இதைக் கார்டு என்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு மேலே இருப்பவன் ஜெயிப்பது போலத்தான் தெரியும், அவனும் அப்படியே நினைத்துக்கொண்டு குத்திக்கொண்டிருப்பான். குத்துகிற ஒவ்வொரு தடவையும் ஒரு கை நீள்கிறது, கழுத்து முன்னால் வருகிறது. ஏதாவது ஒன்று அரை நொடி கூடுதலாக நீண்டால் போதும், இவர் கால் அதைச் சுற்றியிருக்கும்.

2002 ஆகஸ்டில் டோக்கியோ தேசிய விளையாட்டரங்கில் பாப் சாப்புடன் நடந்ததை யூடியூபில் பாருங்கள். சாப் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர், 160 கிலோவுக்கு மேல். நோகேரா நூற்றைந்து இருப்பார். ஆரம்பித்த உடனேயே சாப் அவரைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் குத்துகிறார், நெல் மூட்டையை லாரியிலிருந்து போடுவது போல. முதல் சுற்று பத்து நிமிடம், அதில் பெரும்பகுதி அடி வாங்குவதிலேயே போகிறது. எனக்கு அதில் பிடித்தது அடி வாங்கியது இல்லை, சாப் களைப்பாகும் வரை அவர் ஒவ்வொரு பிடியையும் போட்டுப் பார்த்து, நழுவியதும் அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது சுற்றில் ஆர்ம்பார். அந்த மலை தட்டியது.

அடுத்த வருடம் நவம்பரில் மிர்கோ க்ரோ காப். முதல் சுற்று முடியப்போகிற நேரத்தில் க்ரோ காப்பின் கால் தலையில் விழுந்து நோகேரா சரிந்தார், மணி அடித்ததால் பிழைத்தார் என்றே சொல்லலாம். இரண்டாவது சுற்றில் க்ரோ காப்பைக் கீழே இழுத்து, மேலே ஏறி, ஆர்ம்பார். க்ரோ காப் தட்டினார். அதற்கு முன்பே 2001 செப்டம்பரில் மார்க் கோல்மன் தட்டியிருந்தார், அவர் அமெரிக்காவின் யூஎஃப்சி என்ற எம்எம்ஏ அமைப்பின் முதல் ஹெவிவெயிட் சாம்பியன். 2008 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் ஆறடி எட்டங்குல டிம் சில்வியா தட்டினார், அன்று யூஎஃப்சியின் இடைக்கால ஹெவிவெயிட் பட்டம் நோகேராவுக்கு. ஜப்பானின் பிரைட் அமைப்பில் 2001இலேயே ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர் அவர். இரண்டு இடத்திலும் ஹெவிவெயிட் பட்டம் வாங்கிய முதல் ஆள்.

மொத்தம் 34 வெற்றி, 10 தோல்வி. அந்த 34இல் 21, பிடி போட்டு முடித்தவை. அதாவது சார், இவருடைய வாழ்க்கையே எதிராளிகள் தட்டியதில்தான் நிற்கிறது. தட்டுவது கோழைத்தனம் என்றால் இவர் ஜெயித்ததெல்லாம் கோழைகளையா? 2003இல் தட்டிய க்ரோ காப் மூன்று வருடம் கழித்து பிரைட்டின் எடைப் பிரிவில்லாத கிராண்ட் பிரீ போட்டியை ஜெயித்தார். அன்று தட்டாமல் முழங்கையைக் கொடுத்திருந்தால் அதெல்லாம் நடந்திருக்குமோ என்னவோ.

இப்போது உங்கள் தலைப்புக்குக் காரணமான சண்டை. 2011 டிசம்பர், டொராண்டோ, ஃபிராங்க் மிர். நோகேரா கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டார், குத்து வாங்கி மிர் நிலைகுலைந்து கீழே கிடக்கிறார், இன்னும் நான்கு குத்து விட்டிருந்தால் நடுவரே நிறுத்தியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இவர் கழுத்துப் பிடிக்குப் போனார். ஜியூ-ஜிட்சு ஆளுக்குக் கழுத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. மிர் புரண்டு, இவர் கையைப் பின்பக்கமாக மடக்கிப் பூட்டினார். கிமுரா என்று பெயர் அந்தப் பிடிக்கு. அதுவரை பன்னிரண்டு வருடச் சண்டை வாழ்க்கையில் நோகேராவைப் பிடி போட்டு யாரும் ஜெயித்ததில்லை. அதனால்தானோ என்னவோ, தட்டவில்லை. மேல்கை எலும்பு முறிந்தது. முறிந்த பிறகு தட்டினார். ஆமாம், அன்றும் தட்டத்தான் செய்தார், எலும்பு போன பிறகு. உள்ளே தகடு வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தப் பிடிக்குப் பெயர் வந்த கதையே இதே கதை. 1914இல் மயேடா என்ற ஜப்பானிய ஜூடோக்காரர் பிரேசிலுக்குப் போனார், அவரிடம் கற்றுக்கொண்டவர் கார்லோஸ் கிரேசி, அவர் தம்பி எலியோ. ஜப்பானிலிருந்து போன பிடி இந்தக் குடும்பத்தின் கையில்தான் பிரேசில் ஜியூ-ஜிட்சு ஆயிற்று. 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் மசாஹிகோ கிமுரா என்ற பெரிய ஜூடோ வீரருடன் எலியோ மோதினார். கிமுரா இந்தப் பிடியைப் போட்டார், எலியோ தட்டவில்லை, கை உடைந்தது. அப்போதும் தட்டவில்லை, அண்ணன் கார்லோஸ்தான் துண்டை வீசி நிறுத்தினார். அதன் பிறகு அந்தப் பிடிக்கு, தங்களைத் தோற்கடித்தவன் பெயரையே வைத்தார்கள். எனக்கு அந்த மரியாதைதான் பெரிதாகப் படுகிறது. சரியாக அறுபது வருடம் கழித்து, அதே பிடி, அதே பிடிவாதம், அதே ‘டக்’.

அந்த ‘டக்’ எனக்குத் தெரியும். நான்கு மாதத்துக்கு முன்னால் என் வலது தோளில் கேட்டது. எதிரில் பத்தொன்பது வயதுக் கல்லூரிப் பையன், 58 கிலோ இருப்பான், கண்ணாடியைக் கழற்றி ஷூவுக்குள் வைத்துவிட்டு வருவான். என் எடைக்கு அவனை அப்படியே நசுக்கிவிடலாம் என்று மேலே படுத்தேன். கீழேயிருந்து அவன் கை என் மணிக்கட்டைப் பிடித்தது, இன்னொரு கை என் தோளைச் சுற்றி வந்து பூட்டியது. கிமுரா. மெதுவாகத்தான் திருப்பினான், பையன் நல்ல பையன். தட்ட எனக்குத் தாராளமாக நேரம் இருந்தது. ஆனால் சுவரோரம் மகள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள், கூட அவள் தோழிகள் இரண்டு பேர். அப்புறம் என்ன, ‘டக்’. ஈரத் தீக்குச்சியை ஒடிப்பது போன்ற சின்னச் சத்தம்தான். பையன் என் கையை விட்டுவிட்டு, முகம் வெளுத்துப்போய், ‘அங்கிள், தட்டியிருக்கலாமே அங்கிள்’ என்றான், அழுதுவிடுவான் போலிருந்தது. நான் ‘ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்ல’ என்றேன். மீசையில் மண் ஒட்டவில்லையாம்.

ஆறு வாரம் கையைத் தொட்டிலில் போட்டிருந்தேன். மாமியார் புத்தூர் கட்டு போட்டால் மூன்றே நாளில் சரியாகும் என்றார், டாக்டர் ஜவ்வு விஷயம், எலும்பு இல்லை என்றார், வீட்டில் அதற்கே நான்கு நாள் வாக்குவாதம். அதைவிடக் கஷ்டம் கடை ஷட்டர். இருபது வருடமாகக் காலையில் ஒரே இழுப்பில் தூக்குகிற ஷட்டர், இடது கையால் முட்டி உயரம்கூட வரவில்லை. பள்ளிக்கூடச் சீருடையில் மகள் வந்து குனிந்து தூக்கிவிட்டுப் போவாள், ராத்திரி வந்து இழுத்து மூடுவாள். பக்கத்துக் கடைக்காரர் ‘என்னண்ணே, சண்டை கிண்டை போட்டீங்களா’ என்று கேட்டார். வாசலில் வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டேன். எந்தப் பெண் முன்னால் தட்ட வெட்கப்பட்டேனோ அவள்தான் ஆறு வாரம் ஷட்டர் தூக்கினாள். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எனக்கு வலி, நோகேராவுக்குத் தகடு. அவர் விஷயம் அங்கே முடியவில்லை, உங்கள் கட்டுரைதான் அங்கேயே முடிந்துவிட்டது. கை உடைந்து பத்தே மாதத்தில், 2012 அக்டோபரில், ரியோவில் டேவ் ஹெர்மனுடன் மோதினார். ஜியூ-ஜிட்சு எல்லாம் வேலைக்காகாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஹெர்மன். அவரை எதை வைத்து முடித்தார் தெரியுமா? ஆர்ம்பார். வகுப்பில் அந்த வீடியோ ஓடும்போதெல்லாம் விசில் பறக்கும்.

அதற்கும் அடுத்த சண்டைதான் நான் சொல்ல வந்தது. 2013 ஜூன், பிரேசிலின் ஃபோர்டலேசா நகரம், சொந்த நாட்டு ஜனங்கள் முன்னால். எதிரில் ஃபப்ரீசியோ வெர்தும், அவரும் பிரேசில்காரர், அவரும் ஜியூ-ஜிட்சுவில் பெரிய கை, ஏழு வருடத்துக்கு முன்னால் நோகேராவிடம் தோற்றவர். இரண்டாவது சுற்றில் வெர்தும் ஆர்ம்பார் போட்டார். நோகேரா ஊருக்கெல்லாம் போட்ட அதே பிடி. வயது 37 ஆகிவிட்டது. ஒன்றரை வருடம் முன்னால் இன்னொரு பிடியில் என்ன ஆயிற்று என்பது கையிலேயே உலோகமாக இருக்கிறது. இந்தத் தடவை வாயைத் திறந்து, போதும் என்று சொல்லிவிட்டார். நடுவர் நிறுத்தினார்.

எனக்கு அவர் வாழ்க்கையிலேயே பெரிய நொடி அதுதான். சாப்பைத் தூக்கிச் சாப்பிட்டது இல்லை, லாரிக்கு அடியிலிருந்து எழுந்தது இல்லை. இத்தனை ஆயிரம் பேர் தன் பெயரைச் சொல்லிக் கத்துகிற இடத்தில் போதும் என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! சுவரோரம் உட்கார்ந்திருந்த மூன்று பிள்ளைகள் முன்னால் எனக்கு அது வரவில்லை. அதைப் பற்றி உங்கள் அரைப் பக்கத்தில் ஒரு வரி இல்லை. அதன் பிறகு இரண்டு சண்டை, இரண்டும் தோல்வி, 2015 ஆகஸ்டில் ரியோவில் கடைசிச் சண்டை முடிந்து ஓய்வு. 2016இல் யூஎஃப்சியின் கௌரவப் பட்டியலில் சேர்த்தார்கள். யூஎஃப்சியில் பல வருடம் சாம்பியனாக இருந்த ஆண்டர்சன் சில்வாவுக்கு ஜியூ-ஜிட்சு கறுப்பு பெல்ட் கட்டிவிட்டவரும் இவர்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உங்கள் கட்டுரை வந்த வாரமே சனிக்கிழமை எங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்குள் ஒரு சின்னப் போட்டி வைத்தார்கள். பதினோரு வயதுப் பையன் ஒருவன் கை மாட்டிக்கொண்டது. அவன் கை விரல்கள் தட்டுவதற்காக விரிந்ததைப் பார்த்தேன், மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓரத்திலிருந்து அவன் அப்பா, ‘தட்டாதடா! விடாதடா! தாக்குப்பிடி!’ என்று கத்தினார். வாட்ஸ்அப்பில் உங்கள் பக்கத்தைப் போட்டாரே, அவர்தான். பையன் அப்பாவைப் பார்த்தான், விரல்களை மறுபடி மடக்கிக்கொண்டான். நல்லவேளை, மாஸ்டர் பாய்ந்து வந்து பிரித்துவிட்டார். பிள்ளைகள் ஆட்டத்தில் தட்டாவிட்டாலும் நிறுத்த அவருக்கு உரிமை உண்டு. அப்பாவுக்கு அதில் கோபம். இன்னும் பத்து நொடி விட்டிருந்தால் அவன் தப்பியிருப்பான் என்று படி இறங்குகிற வரை சொல்லிக்கொண்டே போனார். பையன் பின்னால் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே இறங்கினான்.

அந்த அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அந்த ஜாதிதான், தோளைத் தொட்டால் தெரியும். நாம் வளர்ந்த விதம் அப்படி. ஆனால் நம்மிடமே வேறு மாதிரியும் இருந்திருக்கிறது. தாத்தா வடசென்னைக் குத்துச்சண்டைக் கதைகள் சொல்வார், சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாக மோதிக்கொண்ட காலத்துக் கதைகள். தன் ஆள் முடியாமல் போனால் துண்டை வீசுகிற வாத்தியாரைப் பற்றி அவர் தாழ்வாகப் பேசி நான் கேட்டதில்லை. கபடியை எடுத்துக்கொள்ளுங்கள். அவுட் ஆனவன் போய் ஓரமாக உட்காருகிறான், கூட்டாளி ஒரு ஆளைத் தூக்கினால் மறுபடி உள்ளே வருகிறான், அவனைப் பார்த்து யாரும் கோழை என்பதில்லை. தட்டுவதும் அந்தக் கணக்குதான்.

எனவே ஒரு சின்ன வேண்டுகோள். தலைப்பை இனி மாற்ற முடியாது, தெரியும். திருத்தம் போடுகிற மூலையில் இரண்டு வரி போடுங்கள்: நோகேரா தட்டியிருக்கிறார், 2011இல் கை உடைந்த பிறகு, 2013இல் கை உடைவதற்கு முன்னால். வெர்தும் சண்டையின் படம் கிடைத்தால் அதையும். அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் நானே போட்டுக்கொள்கிறேன்.

போன திங்கட்கிழமைதான் டாக்டர் மறுபடி வகுப்புக்குப் போகலாம் என்றார். முதல் ஆட்டமே மகளோடு விட்டார்கள். பின்னால் வந்து கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டாள், நான் உடனே அவள் முழங்கையைப் பட்பட்டென்று தட்டினேன். ‘அப்பா, நான் இன்னும் பிடிக்கவே இல்லப்பா’ என்றாள்.

இப்படிக்கு,
ஹார்டுவேர் கடைக்காரர்,
பெரம்பூர், சென்னை – 11